பழம்பெரும் விமானங்கள்: கூரையின் கீழா, திறந்தவெளியிலா?

இந்திய விமானப்படையில் 1963-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட மிக்-21 போர் விமானங்கள், 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டீகரில் நடைபெற்ற விழாவுடன் பணியிலிருந்து விடைபெற்றன. அறுபது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் இவ்வகையைச் சேர்ந்த 870-க்கும் மேற்பட்ட விமானங்களை இந்தியா பயன்படுத்தியுள்ளது. முன்னரே ஓய்வு பெற்ற பல மிக்-21 விமானங்கள் நகரச் சாலைச் சந்திப்புகளிலும், கல்லூரி வளாகங்களிலும், படைத்தளங்களின் வாயில்களிலும் நினைவுச் சின்னங்களாக நிற்கின்றன.

ஓய்வு பெற்ற விமானத்தைக் காட்சிக்கு வைப்பது எளிது, காப்பாற்றுவது கடினம். உலகெங்கும் உள்ள விமான அருங்காட்சியகங்கள் பல பத்தாண்டுகளாக எதிர்கொண்டுவரும் கேள்வி இதுதான்: வரலாற்றுச் சிறப்புமிக்க விமானத்தை மூடிய கூடத்தில் வைப்பதா, திறந்தவெளியில் நிறுத்துவதா? இடம், பணம், தட்பவெப்பம், பார்வையாளர் வசதி ஆகிய நான்கும் இதில் ஒன்றோடொன்று மோதுகின்றன. பருவமழையும் நீண்ட கடற்கரையும் கொண்ட இந்தியாவில் இந்தக் கேள்விக்கு அவசரமும் கூடுகிறது.

இந்தியாவில் இன்றைய நிலை

தில்லி பாலத்தில் 1967-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய விமானப்படை அருங்காட்சியகம், இரு முறைகளையும் சேர்த்தே கையாள்கிறது. அதன் கூடத்துக்குள் வெஸ்ட்லேண்ட் வாபிட்டி, லைசாண்டர், ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போன்ற பழைய விமானங்கள் உள்ளன. 1933 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்திய விமானப்படையின் முதல் படைப்பிரிவு உருவானபோது அதற்குக் கிடைத்தவை நான்கு வாபிட்டி விமானங்களே. இன்று உலகில் முழு வடிவில் எஞ்சியிருக்கும் ஒரே வாபிட்டி பாலத்தில் உள்ளதுதான். துணி போர்த்திய இறக்கைகளைக் கொண்ட அந்த விமானம் ஒரு சில மழைக்காலங்களைக்கூட வெளியில் தாங்காது. பாக்கெட், ஆன்-12 போன்ற பெரிய போக்குவரத்து விமானங்களோ கூடத்துக்கு வெளியே நிற்கின்றன.

கோவாவில் 1998-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கடற்படை விமான அருங்காட்சியகத்தில் விமானங்கள் பெரும்பாலும் திறந்தவெளியில்தான் உள்ளன. சீ ஹாக், அலிசே, சீ ஹாரியர் ஆகியவற்றுடன் அங்கு நிற்கும் லாக்ஹீட் சூப்பர் கான்ஸ்டலேஷன் தனிக் கவனத்துக்குரியது. ஏர் இந்தியா நிறுவனத்தில் 'ராணி ஆஃப் எல்லோரா' என்ற பெயருடன் பயணிகளைச் சுமந்து பறந்த இந்த விமானம், பின்னர் விமானப்படைக்கும், அதன் பிறகு கடல் கண்காணிப்புப் பணிக்காகக் கடற்படைக்கும் சென்றது. குடிமை விமானப் போக்குவரத்து, விமானப்படை, கடற்படை ஆகிய மூன்றின் வரலாற்றையும் ஒரே உடலில் தாங்கிய விமானம் இது. இதன் இறக்கை விரிவு சுமார் 37 மீட்டர். அதற்குக் கூரை அமைப்பது சிறிய செலவன்று.

விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் நிற்கும் டியூ-142 அதைவிடப் பெரியது. நீளம் சுமார் 53 மீட்டர். இறக்கை விரிவு சுமார் 50 மீட்டர். தமிழ்நாட்டின் அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளத்திலிருந்து இயங்கிவந்த இந்த நீண்டதூரக் கண்காணிப்பு விமானங்கள், 29 ஆண்டுகாலப் பணிக்குப் பின் 2017 மார்ச் மாதம் அங்கேயே ஓய்வு பெற்றன. அவற்றுள் ஒன்று விசாகப்பட்டினத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அதே ஆண்டு டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மற்றொன்று கொல்கத்தாவின் நியூ டவுன் பகுதியில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 2001-ஆம் ஆண்டு தொடங்கிய பாரம்பரிய மையத்தில் ஆவணங்களும் எஞ்சின்களும் கூடங்களுக்குள் இருக்க, விமானங்கள் தோட்டவெளியில் நிற்கின்றன. இதற்கு மாறாக, 2023 மே மாதம் சண்டீகரில் திறக்கப்பட்ட விமானப்படைப் பாரம்பரிய மையம் பழைய அரசு அச்சகக் கட்டடத்துக்குள் அமைந்துள்ளது. 1958-ஆம் ஆண்டு ஏர் வைஸ் மார்ஷல் ஹர்ஜிந்தர் சிங் முயற்சியில் உருவான 'கான்பூர்-1' என்ற சிறிய முன்மாதிரி விமானம் அங்கு கூரையின் கீழ் இடம்பெற்றுள்ளது.

வெயிலும் மழையும் செய்வது என்ன?

விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியம் எளிதில் அரிக்கப்படுவதில்லை. ஆனால் விமானத்துக்குத் தேவையான வலிமைக்காக அதனுடன் செம்பு, துத்தநாகம் போன்றவை சேர்க்கப்படுகின்றன. வலிமை கூடும்போது அரிமானத்தை எதிர்க்கும் தன்மை குறைகிறது. அதனால்தான் தகட்டின் மேல் மெல்லிய தூய அலுமினியப் படலமும், அதற்கு மேல் வண்ணப்பூச்சும் இடப்படுகின்றன. இந்தக் காப்பு எங்கு கீறப்பட்டாலும் அங்கு அரிமானம் தொடங்கிவிடும்.

எஃகு ஆணியும் அலுமினியத் தகடும் சேரும் இடத்தில் ஈரம் புகுந்தால், அந்த இணைப்பு ஒரு சிறு மின்கலம்போலச் செயல்பட்டு அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். கடற்காற்றில் உள்ள உப்பு இதை வேகப்படுத்துகிறது. முதலில் தெரிவது ரிவெட்டுகளைச் சுற்றி வெண்ணிறத் தூள் மட்டுமே. அது கண்ணுக்குத் தெரியும் வேளையில், உள்ளே தகடு அடுக்கடுக்காகப் பிரிந்து உப்பத் தொடங்கியிருக்கக்கூடும். சக்கரங்களிலும் பல ஹெலிகாப்டர் பாகங்களிலும் பயன்படுத்தப்பட்ட மெக்னீசியக் கலவைகள் இன்னும் விரைவாக அழியும்.

வெயில் வேறு வழியில் சேதம் செய்கிறது. புற ஊதாக் கதிர்கள் வண்ணப்பூச்சை வெளிறச் செய்து பொடியாக்குகின்றன. விமானி அறையின் ஒளிபுகு மூடி மங்கி, நுண்ணிய வெடிப்புகள் கொள்கிறது. ரப்பர் உறைகள் இறுகிப் பிளக்கின்றன. அந்தப் பிளவுகளின் வழியே மழைநீர் இறங்குகிறது. பறக்கும் விமானத்தில் நீர் வடிவதற்கென அடிப்பகுதியில் துளைகள் உண்டு. நின்றுபோன விமானத்தில் தூசியும் இலைகளும் பறவைக் கூடுகளும் அவற்றை அடைத்துவிட, இறக்கைக்குள் நீர் தேங்குகிறது. பறவைகளின் எச்சமும் உலோகத்தை அரிக்கும்.

வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து இதைக் கணிக்க இயலாது என்பதே சிக்கலின் மையம். புதிய வண்ணம் பூசிய விமானம் பார்வைக்குப் பொலிவுடன் நிற்கும். அதன் இறக்கைத் தண்டு உள்ளுக்குள் பலவீனமடைந்திருக்கலாம்.

திறந்தவெளியில் இழந்தவை

பிரிட்டனின் காஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் பழைய பயணிகள் விமானங்கள் பல ஆண்டுகள் வெளியில் நிறுத்தப்பட்டிருந்தன. பராமரிப்புக்கான நிதியுதவி நிறுத்தப்பட்டதையடுத்து, 2006-ஆம் ஆண்டு அவற்றுள் விசி-10, டிரைடென்ட், போயிங் 707 ஆகியவை உடைக்கப்பட்டன. சில பகுதிகள் மட்டுமே எஞ்சின. அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுவிட்டாலே விமானம் நிரந்தரமாகக் காக்கப்பட்டுவிடும் என்ற நம்பிக்கை தவறு என்பதற்கு அந்நிகழ்வு எடுத்துக்காட்டாக நிற்கிறது.

படிப்படியான அரிமானம் மட்டுமே ஆபத்தன்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பிராட்லி விமான நிலையத்தை ஒட்டி இயங்கிய அருங்காட்சியகத்தை 1979 அக்டோபர் 3-ஆம் தேதி கடும் சூறாவளி தாக்கியது. வெளியில் நின்ற பல விமானங்கள் தூக்கி வீசப்பட்டு நொறுங்கின. இதன் பிறகு அந்த நிறுவனம் மூடிய கூடங்களை அமைத்து, நியூ இங்கிலாந்து விமான அருங்காட்சியகம் என்ற பெயரில் இயங்கிவருகிறது. அன்று சேதமடைந்த பி-29 குண்டுவீச்சு விமானம் சீரமைக்கப்பட்டு இன்று கூரையின் கீழ் உள்ளது.

இந்தியக் கிழக்குக் கடற்கரைக்கு இது தொலைதூரக் கதையன்று. 2014 அக்டோபர் 12-ஆம் தேதி ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தைத் தாக்கியபோது விமான நிலையக் கட்டடமே கடும் சேதமடைந்தது. டியூ-142 அங்கு வந்தது அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு.

மீட்பதற்கு ஆகும் உழைப்பு

கைவிடப்பட்ட விமானத்தைப் பிற்காலத்தில் சீரமைக்க முடியும். அதற்கு ஆகும் உழைப்பே பாடம் புகட்டுகிறது. ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீசிய 'எனோலா கே' விமானம், 1953 முதல் 1960 வரை வாஷிங்டன் அருகே உள்ள ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் வெளியில் நின்றது. பறவைகள் கூடுகட்டின; நினைவுப் பொருள் தேடியோர் பாகங்களைக் கழற்றிச் சென்றனர். பின்னர் பிரித்து வைக்கப்பட்ட அந்த விமானத்தைச் சீரமைக்கும் பணி 1984-ஆம் ஆண்டு தொடங்கியது. ஏறத்தாழ 3 லட்சம் மணி நேர உழைப்புக்குப் பின், 2003-ஆம் ஆண்டு ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உட்வார்-ஹேசி மையத்தில் அது முழு வடிவில் காட்சிக்கு வந்தது.

இரண்டாம் உலகப் போரில் 25 தாக்குதல் பயணங்களை நிறைவு செய்து நாடு திரும்பிய 'மெம்பிஸ் பெல்' என்ற பி-17 விமானத்தின் கதையும் இதுவே. மெம்பிஸ் நகரில் பல பத்தாண்டுகள் வெளியில் நின்ற அதன் உட்பாகங்கள் சூறையாடப்பட்டன. 2005-ஆம் ஆண்டு டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படைத் தேசிய அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, 2018 மே மாதம்தான் அது பார்வைக்குத் திறக்கப்பட்டது.

கான்கார்டு விமானங்கள் அண்மைக் கால உதாரணம். கடைசியாகத் தயாரிக்கப்பட்ட கான்கார்டு 2003 நவம்பர் 26-ஆம் தேதி பிரிட்டனின் ஃபில்டனில் தரையிறங்கியதே அவ்வகையின் இறுதிப் பறத்தலாக அமைந்தது. அதன் பிறகு பதின்மூன்று ஆண்டுகளுக்கும் மேல் அது மழையில் நின்றது. 2017-ஆம் ஆண்டுதான் 'ஏரோஸ்பேஸ் பிரிஸ்டல்' அருங்காட்சியகத்தில் அதற்கெனக் கட்டப்பட்ட கூடத்துக்குள் சென்றது. நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றங்கரையில் நிற்கும் மற்றொரு கான்கார்டு, 2023 ஆகஸ்டில் படகு மூலம் கொண்டுசெல்லப்பட்டு, பழைய பூச்சு நீக்கப்பட்டு, புதிய வண்ணம் பூசப்பட்டு 2024 மார்ச்சில் திரும்பியது. அது மீண்டும் நின்றது அதே திறந்தவெளியில். சில ஆண்டுகளுக்குப் பின் அதே பணி மீண்டும் தேவைப்படும்.

கூரையும் முழுப் பாதுகாப்பன்று

மூடிய கூடமே விடை என்று முடிவு கட்டுவதற்கு முன், அங்கு நேர்ந்த இழப்புகளையும் கருத வேண்டும். 1978 பிப்ரவரி 22-ஆம் தேதி கலிபோர்னியாவின் சான் டியேகோ விமான அருங்காட்சியகம் தீக்கிரையானது. பல பத்து விமானங்களும் அரிய ஆவணங்களும் ஒரே இரவில் அழிந்தன. 1990 மே 17-ஆம் தேதி பாரிஸ் அருகே, லெ பூர்ஜே அருங்காட்சியகத்தின் சேமிப்புக் கூடத்தில் பற்றிய தீயில் மரமும் துணியும் கொண்ட பழைய விமானங்கள் பல சாம்பலாயின. 1993-ஆம் ஆண்டு கனடாவின் ஹாமில்டனிலும், 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் யாங்கி விமான அருங்காட்சியகத்திலும் கூடங்கள் எரிந்தன.

திறந்தவெளி, விமானத்தை மெல்ல மெல்ல அழிக்கிறது. தீயணைப்பு ஏற்பாடு இல்லாத கூடம் முழுச் சேகரிப்பையும் ஒரே இரவில் இழக்க வைக்கலாம். ஆகவே தீ கண்டறியும் கருவிகள், கூடங்களிடையே தடுப்புச் சுவர்கள், பயணத்துக்குத் தகுதியற்ற விமானங்களின் எரிபொருள் தொட்டிகளை வெறுமையாக்குதல் ஆகியவை கூரையைப் போலவே இன்றியமையாதவை.

காற்றோட்டம் இல்லாத தகரக் கொட்டகையும் தீங்கானதே. பகலில் சூடேறி இரவில் குளிரும்போது உலோகத்தின் மீது பனித்துளிகள் படிகின்றன. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தாத கூடம் சில வேளைகளில் காற்று வீசும் நிழலைவிட மோசமாக அமையும்.

பார்வையாளர் நோக்கில் பார்த்தால், திறந்தவெளிக்கு உண்மையான சிறப்பு உண்டு. பெரிய விமானத்தின் முழு அளவு விலகி நின்று பார்க்கும்போதுதான் புலப்படும். மூடிய கூடங்களில் இடநெருக்கடியால் ஒரு விமானத்தின் இறக்கை மற்றொன்றை மறைக்கிறது. அருங்காட்சியகத்துக்குச் சென்றறியாத ஒரு குடும்பமும் கடற்கரைச் சாலையில் நடந்துசெல்லும்போது டியூ-142 விமானத்தைப் பார்த்துவிட முடிகிறது. விமானவியலில் ஒரு சிறுவனுக்கு முதல் ஆர்வம் பிறப்பது அத்தகைய இடத்தில்தான்.

இடைவழி: சுவர் இல்லாத கூரை

இரண்டுக்கும் இடையே ஒரு வழியை அமெரிக்காவின் சியாட்டில் நகர விமான அருங்காட்சியகம் தேர்ந்தெடுத்தது. முதன்முதலில் பறந்த போயிங் 747, ஒரு கான்கார்டு, பி-17, பி-29 உள்ளிட்டவற்றை உள்ளடக்கும் வகையில் 2016-ஆம் ஆண்டு அது பெரும் கூரை ஒன்றை எழுப்பியது. முழுமையான சுவர்கள் அதற்கு இல்லை. மழையும் நேரடி வெயிலும் தடுக்கப்படுகின்றன. குளிரூட்டலுக்கும் வெப்பமூட்டலுக்கும் ஆகும் செலவு இல்லை. பறவைகளையும் காற்றில் வரும் ஈரத்தையும் முற்றாகத் தடுக்க இயலாது என்பது இதன் குறை.

மறுமுனையில், பிரிட்டனின் டக்ஸ்ஃபோர்டில் 1997-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அமெரிக்க விமான அருங்காட்சியகம் உள்ளது. சுமார் 56 மீட்டர் இறக்கை விரிவு கொண்ட பி-52 விமானத்தை மையமாக வைத்து, கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் அதன் வளைந்த கான்கிரீட் கூரையை வடிவமைத்தார். பல ஆண்டுகள் வெளியில் நின்ற அந்த விமானத்துக்காகவே கட்டடத்தின் அளவு தீர்மானிக்கப்பட்டது. முன்புறம் முழுவதும் கண்ணாடி என்பதால் இயற்கை ஒளியும் கிடைக்கிறது.

பாலைவனம் வேறு, கடற்கரை வேறு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீமா அருங்காட்சியகத்தில் சுமார் 400 விமானங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி வெளியில் நிற்கின்றன. மழை குறைந்த, வறண்ட காற்றுள்ள பாலைவனம் என்பதால் அங்கு அரிமானம் மிக மெதுவாகவே நிகழ்கிறது. அங்கும் வெயிலைத் தடுக்க விமானங்களின் கண்ணாடிகள் மூடப்படுகின்றன. அதே அருங்காட்சியகம் தன்னிடமுள்ள பி-24 லிபரேட்டர் விமானத்தைக் கூடத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. அந்த லிபரேட்டர் இந்தியாவிலிருந்து சென்றது என்பது குறிப்பிடத்தக்கது. போருக்குப் பின் கான்பூரில் கைவிடப்பட்டிருந்த லிபரேட்டர்களை இந்துஸ்தான் நிறுவனம் சீரமைத்து விமானப்படைக்கு அளித்தது. 1968-ஆம் ஆண்டு வரை பறந்த அவற்றுள் சில பின்னர் அமெரிக்கா, பிரிட்டன், கனடா நாடுகளின் அருங்காட்சியகங்களைச் சென்றடைந்தன. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு இந்தியா அவ்வாறு ஒன்றை 1974-ஆம் ஆண்டு அளித்தது.

அரிசோனாவில் பொருந்தும் முறை, ஆண்டுக்கு சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் கோவாவுக்குப் பொருந்தாது. ஓரிடத்தில் நூறாண்டு நிற்கக்கூடிய உலோகம் மற்றோரிடத்தில் இருபது ஆண்டுகளில் நலிந்துவிடலாம்.

எதற்கு முதலில் கூரை?

எல்லா விமானங்களுக்கும் கூடம் கட்டுவது எந்த நாட்டுக்கும் இயலாது. ஆகவே வரிசை வகுப்பதே நடைமுறைத் தீர்வு. உலக அருங்காட்சியகங்களின் அனுபவத்திலிருந்து நான்கு அளவுகோல்கள் தெளிவாகின்றன. முதலாவது, அந்த வகையில் எத்தனை விமானங்கள் எஞ்சியுள்ளன என்பது. இரண்டாவது, அந்தக் குறிப்பிட்ட விமானம் பங்கேற்ற வரலாறு. மூன்றாவது, மரம், துணி, மெக்னீசியம் போன்ற நலிவான பொருள்கள் அதில் எவ்வளவு உள்ளன என்பது. நான்காவது, அது நிற்கும் இடத்தின் தட்பவெப்பம்.

இந்த அளவுகோல்களின்படி, நூற்றுக்கணக்கில் எஞ்சியுள்ள மிக்-21 விமானங்களில் பல வெளியில் நிற்பதால் வரலாற்றுக்கு இழப்பில்லை. ஆனால் போரில் நேரடியாகப் பங்கேற்றவை, முதலில் வந்தவை, இறுதியாகப் பறந்தவை ஆகியவற்றை எண் வாரியாக அடையாளம் கண்டு உள்ளே கொண்டுசெல்வது அவசியம். 1961-ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்த எச்.எஃப்-24 மாருத், இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானம். ஜெர்மானியப் பொறியாளர் கர்ட் டாங்க் தலைமையில் வடிவமைக்கப்பட்ட இவ்வகையில் 147 மட்டுமே தயாரிக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் பல வெளியில்தான் நிற்கின்றன. இவற்றில் சிலவற்றுக்கேனும் கூரை வேண்டும் என்பதில் ஐயமில்லை. கோவாவின் சூப்பர் கான்ஸ்டலேஷன் நான்கு அளவுகோல்களிலும் முன்வரிசையில் நிற்கும்.

சின்னமாக நிறுத்துவதற்கு உண்மையான விமானமே தேவையா என்பதும் எண்ணத்தக்கது. பிரிட்டனில் பல விமானப்படைத் தளங்களின் வாயிலில் நின்ற ஸ்பிட்ஃபயர் விமானங்கள் 1980-களின் பிற்பகுதியிலிருந்து அகற்றப்பட்டு, அவற்றின் இடத்தில் கண்ணாடியிழை மாதிரிகள் வைக்கப்பட்டன. சாலையில் செல்வோருக்கு வேறுபாடு தெரிவதில்லை. அசல் விமானங்கள் பிழைத்துக்கொண்டன.

வெளியில் நின்றே தீரவேண்டிய விமானங்களுக்குப் பராமரிப்புத் திட்டம் முன்கூட்டியே வகுக்கப்பட வேண்டும். நன்னீரால் முறையாகக் கழுவுதல், வடிகால் துளைகளைத் திறந்து வைத்தல், எஞ்சின் வாய்களையும் இடுக்குகளையும் மூடுதல், கண்ணாடிகளுக்கு உறையிடுதல், டயர்களின் மீது எடை விழாமல் தாங்கிகள் பொருத்துதல், புயல் காலத்தில் தரையுடன் பிணைத்தல், குறித்த கால இடைவெளியில் வண்ணம் பூசுதல் ஆகியவை அதில் அடங்கும். இவை ஒவ்வோர் ஆண்டும் தொடர்ந்து நிதி கோரும் பணிகள். ஒரு நகரமோ கல்லூரியோ விமானத்தைக் கேட்டுப் பெறும்போது, திறப்பு விழாவுக்கான செலவுடன் அடுத்த இருபது ஆண்டுகளுக்கான பராமரிப்புச் செலவும் ஒப்பந்தத்தில் இடம்பெறுவது பயன் தரும்.

மிக்-21 விடைபெற்றுள்ள இத்தருணத்தில் இந்த முடிவுகளை எடுப்பது எளிது. விமானங்கள் இன்னும் நல்ல நிலையில் உள்ளன. அவற்றைப் பறக்கவிட்டவர்களும் பழுதுபார்த்தவர்களும் அருகில் உள்ளனர். ஆவணங்கள் கைவசம் உள்ளன. ஒரு சில மழைக்காலங்கள் கடந்துவிட்டால், அதே முடிவுக்குப் பன்மடங்கு விலை கொடுக்க நேரும்.